சுத்தமான வரப்பு

ஜூன் 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் மாமாவும் நலம். மாமாவுக்கு அடிவயிற்றில் அந்த வீக்கம் அப்படியேதான் இருக்கிறது. கேட்டால் "ஒண்ணுமில்ல, வாயு" என்கிறார். நீயும் உன் வீட்டுக்காரியும் எப்படி இருக்கிறீர்கள்? சின்னவளுக்கு விழுந்த பல் முளைத்துவிட்டதா?

போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நீ "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லியே பேச்சை முடித்துவிடுகிறாய். எதற்குச் சரி சொன்னாய் என்று எனக்கும் தெரிவதில்லை, உனக்கும் தெரிவதில்லை. கடிதத்தில் அப்படி நழுவ முடியாது.

இந்தத் தடவையும் கடலைதான் போட்டிருக்கிறேன். என் பாதியிலும் உன் பாதியிலும் சேர்த்துத்தான். பூச்சிமருந்துக் கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்காமல் இது மூன்றாவது வருடம். முதல் இரண்டு வருடமும் மகசூல் எப்படி இருந்தது என்று உனக்கே தெரியும், நீயே சிரித்தாய். இந்த வருடம் மண் மாறியிருக்கிறது. கைப்பிடி மண்ணை எடுத்தால் உள்ளே எதுவோ ஓடுகிறது. கடலைக்கு நடுநடுவே தட்டைப்பயறு ஊன்றியிருக்கிறேன், அதில் பூச்சி தின்னும் பொறிவண்டு வரும். குருவிகள் உட்காரக் குச்சி நட்டிருக்கிறேன். உன் பாதியின் கடைசி வரப்பில், பட்டறை மோட்டார்க்காரர் வயலை ஒட்டி, நீளத்துக்கும் ஆமணக்கு.

ஆமணக்கு எதற்கு என்று கேட்பாய். கடலை இலையைத் தின்னும் புழு இருக்கிறதே, அதன் தாய்ப் பூச்சிக்கு ஆமணக்கு என்றால் உயிர். கடலையை விட்டுவிட்டு அதில்தான் முட்டையிடும். குஞ்சுப்புழு சுரண்டிய இலை சல்லடை மாதிரி ஆகும். அந்த இலையை மட்டும் பறித்து சோப்புத் தண்ணீர் வாளியில் போட்டால் கதை முடிந்தது. ஆமணக்கு அடி வாங்கிக்கொள்ளும், கடலை தப்பித்துக்கொள்ளும்.

டவுனில் எண்ணெய் ஆட்டும் செக்குக்காரம்மா, மருந்து படாத கடலையாக இருந்தால் மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார். அறுவடையின்போது வந்து பார்ப்பாராம். பக்கத்து வயல்காரர்கள் சிலரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இவள் தேறினால் நாமும் மாறலாம், கவிழ்ந்தால் சிரிக்கலாம் என்று.

அதனால் ஒன்று கேட்கிறேன். உன் பாதியை இன்னும் கொஞ்ச வருடம் என் கையிலேயே விட்டுவை. விட்டுவைப்பேன் என்று ஒரு வரி எழுது. மண்ணை ஆளாக்கிய பிறகு பாதியில் பிடுங்கிக்கொண்டால் என்னால் தாங்க முடியாது.

எல்லோருக்கும் என் அன்பு.

அக்கா

ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். மாமாவை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ, வாயு என்றால் நம்பாதே. சின்னவளுக்குப் பல் பாதி முளைத்திருக்கிறது. கண்ணாடியை விட்டு நகர மாட்டேன் என்கிறாள்.

உன் கடிதத்தை வீட்டில் உரக்கப் படித்தேன். இவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எங்கள் கட்டடத்தில் ஒரே ஒரு கரப்பான்பூச்சி தென்பட்டால் போதும், துப்புரவு மேற்பார்வையாளன் என்று என்னைக் கூப்பிட்டு நிறுத்தி விளக்கம் கேட்கிறார்கள். நீ என்னடாவென்றால் புழுவுக்கு இலை போட்டு விருந்து வைக்கிறாய்! என் கையில் இருபது மாடி இருக்கிறது. ஒரு ஜன்னல் கம்பியில் விரல் வைத்துத் தேய்த்தால் தூசி ஒட்டக் கூடாது. உன் வயலை வந்து பார்த்தால் எனக்கு மயக்கமே வந்துவிடும்.

விளையாட்டுக்குச் சொன்னேன், கோபித்துக்கொள்ளாதே. ஆனால் ஊரில் நம் நிலத்தை எல்லோரும் காடு என்கிறார்களாமே? நிலம் பார்க்க லட்சணமாக இருந்தால்தான் நாளைக்கு ஒரு மதிப்பு. ஒருபக்கம் விவசாயம் நடக்கட்டும், வரப்பாவது கொஞ்சம் சுத்தமாக இருக்கலாம் அல்லவா?

இங்கே மழை நன்றாகப் பெய்கிறது. லிஃப்ட் குழிக்குள் தண்ணீர் இறங்கி எனக்குத் தூக்கமே இல்லை.

மாமாவுக்கு என் வணக்கம்.

தம்பி

ஜூலை 9

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். ஊர் காடு என்று சொன்னால் சொல்லட்டும். காட்டில் யார் மருந்தடிக்கிறார்கள்? அது பாட்டுக்குப் பச்சையாகத்தான் நிற்கிறது. ஒரு வரி கேட்டேன், லிஃப்ட் குழியைப் பற்றி எழுதியிருக்கிறாய். பரவாயில்லை, மறந்திருப்பாய். திரும்பவும் கேட்கிறேன். உன் பாதியை என்னிடம் விட்டுவைப்பாயா?

ஆமணக்கு ஆள் உயரம் வந்துவிட்டது. பூச்சி ஏமாந்து அதிலேயே முட்டையிடுகிறது. தினமும் காலையில் வாளியை எடுத்துக்கொண்டு ஒரு நடை. கடலை இலையில் ஓட்டை இல்லை, தேடினாலும் கிடைக்காது. எனக்கே பெருமையாக இருக்கிறது என்று எழுதினால் நீ கிண்டல் செய்வாய். செய்துகொள்.

மோட்டார்க்காரர்தான் ஒரே தலைவலி. அவருக்குப் பட்டறையில் பம்பு பிரித்துப் போடுவதற்கே நேரம் போதாது. இருந்தும் சாயங்காலம் அவர் வயல் வரப்பில் நின்று என் ஆமணக்கை முறைத்துக்கொண்டிருப்பார். நேற்று, "அக்கா, உங்க செடியில இருக்கிற புழு என் வயலுக்கு வந்தா யாரு பொறுப்பு?" என்றார். "வராது. வந்தா எங்கிட்ட சொல்லு, நான் வந்து பொறுக்கித் தர்றேன்" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போனார்.

மாமாவை டாக்டரிடம் காட்டியாகிவிட்டது. குடலிறக்கமாம், ஆபரேஷன் செய்தே ஆகவேண்டுமாம். இந்த மாதக் கடைசி வாரம் டவுன் ஆஸ்பத்திரியில் சேர்க்கிறோம். ஒரு வாரம் அங்கேயே இருப்போம். வயலைப் பார்க்க ஆள் இல்லை. ஒரு வாரம் இலை பறிக்காவிட்டால் ஆமணக்கு கொஞ்சம் மொட்டையாகும், அவ்வளவுதான். புழு அதைத் தின்று முடிக்கும்வரை கடலைப் பக்கம் வராது.

மாமாவுக்கு உள்ளுக்குள் பயம். நீ ஒரு எட்டு வந்தால் தெம்பாக இருப்பார்.

அக்கா

ஜூலை 17

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவுக்குத் தைரியம் சொல். இதெல்லாம் இப்போது சாதாரண ஆபரேஷன். வரத்தான் ஆசை, லீவு கிடைக்காது போலிருக்கிறது. எந்தத் தேதியில் போகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள் என்று மட்டும் சரியாக எழுது. வயலைப் பற்றிக் கவலைப்படாதே, மாமாவைப் பார்த்துக்கொள்.

மற்றவை நேரில்.

தம்பி

ஆகஸ்ட் 4

தம்பிக்கு,

மாமா நலம். தையல் பிரித்தாகிவிட்டது. நான் நலமாக இல்லை.

திங்கட்கிழமை ஊர் திரும்பினோம். மாமாவைப் படுக்க வைத்துவிட்டு வயலுக்குப் போனேன். வரப்பில் ஆமணக்கு இல்லை. ஒரு செடிகூட இல்லை. அடியோடு வெட்டிக் கடலைப் பக்கமே சாய்த்துப் போட்டிருக்கிறார்கள். வரப்பைச் செதுக்கி, களைக்கொல்லி அடித்து, புல் பூண்டு எல்லாம் வெந்து மஞ்சளாகக் கிடக்கிறது. முகச்சவரம் செய்த மாதிரி வரப்பு. குருவிக் குச்சிகளையும் பிடுங்கி ஒரே கட்டாகக் கட்டி ஓரமாக வைத்திருக்கிறார்கள்.

வெட்டிய ஆமணக்கு வாடினால் புழு என்ன செய்யும்? பட்டினி கிடக்குமா? இறங்கி நடந்து பக்கத்தில் இருக்கிற கடலைக்குள் நுழையும். நுழைந்துவிட்டது. நான் ஊட்டி வளர்த்த புழு அத்தனையும் இப்போது கடலையில். உன் பாதி முழுக்கக் காம்புதான் நிற்கிறது. என் பாதிக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது. காது கொடுத்துக் கேட்டால் அது தின்னும் சத்தம் கேட்கிறது தம்பி.

வேறு யார் செய்திருப்பார்கள்? நேராகப் பட்டறைக்குப் போனேன். மோட்டார்க்காரர் குனிந்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். மோட்டார் ரிப்பேருக்கு வந்தவர்கள் நாலைந்து பேர் நின்றார்கள். தெருவே கேட்கிற மாதிரி கத்தினேன். "நாங்க ஆஸ்பத்திரியில கெடக்கும்போது வந்து வெட்டினியே, நீ மனுஷனா? உனக்குப் புழு வேணாம்னா எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? திருடன்கூட வேலையை முடிச்சா போயிடுவான், நீ மருந்தும் அடிச்சிட்டுப் போயிருக்கே!" இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவர் அம்மாவையும் இழுத்தேன், எழுதவே கூசுகிறது.

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "நான் செய்யலக்கா" என்றார். அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை இல்லை. குற்றமில்லாதவன் இப்படியா வாயடைத்து நிற்பான்? எனக்கு அதிலேயே புரிந்துவிட்டது.

செக்குக்காரம்மாவிடம் சொன்னேன். களைக்கொல்லி பட்ட பக்கத்துக் கடலை வேண்டாம் என்றுவிட்டார். அவர் மேல் தப்பில்லை.

உன் பாதி உன் பேரில்தான் இருக்கிறது. நீ ஒரு புகார் எழுது. நான் எழுதினால் கிழவி புலம்புகிறாள் என்பார்கள், சொந்தக்காரன் எழுதினால் பேச்சு வேறு.

அக்கா

ஆகஸ்ட் 25

அன்புள்ள அக்காவுக்கு,

மாமா தேறியது கேட்டு நிம்மதி. இங்கே வேலை மேல் வேலை, அதனால்தான் பதில் எழுதத் தாமதம். நீ எழுதியதைப் படித்து மனது சங்கடப்பட்டது.

நடந்தது நடந்துவிட்டது. செய்தவர்கள் கெட்ட எண்ணத்தில்தான் செய்தார்கள் என்று ஏன் நினைக்கிறாய்? வரப்பைச் சுத்தம் செய்தால் நல்லது என்று நினைத்தும் செய்திருக்கலாம். புழு இப்படி இறங்கும் என்று எல்லோருக்கும் தெரியுமா? எனக்கே நீ சொல்லித்தான் தெரியும். மோட்டார்க்காரர் சண்டைக்குப் போகிற ஆள் இல்லை. அவரை விட்டுவிடு. புகார் கிகார் என்று போனால் ஊரில் காலம் தள்ளுவது கஷ்டம், நாளைக்கு பம்பு ரிப்பேர் என்றால் அவரிடம்தானே போகவேண்டும்?

ஒரே ஒரு தடவை மருந்து அடித்துவிடேன் அக்கா. இந்த வருடம் பிழைக்கட்டும், அடுத்த வருடம் உன் இஷ்டப்படி செய். மருந்து நான் வாங்கி அனுப்புகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். கோபம் உனக்கு ஆகாது, ரத்த அழுத்தம் ஏறும்.

தம்பி

செப்டம்பர் 1

தம்பிக்கு,

நலம். ரத்த அழுத்தமும் நலம்.

ஒரே ஒரு தடவையா? எழுதும்போது உனக்குக் கை கூசவில்லையா? இந்தக் கடலைக்குள் எத்தனை சிலந்தி வலை கட்டியிருக்கிறது தெரியுமா? புழுவின் மேலேயே முட்டையிடும் குளவி ஒன்று இருக்கிறது, கொசு அளவுதான் இருக்கும். அது வந்து சேர இரண்டு வருடம் காத்திருந்தேன். நீ அனுப்புகிற மருந்து புழுவைப் பார்த்துக் கொல்லுமா, குளவியைப் பார்த்து ஒதுங்கிப் போகுமா? ஒரு தடவை அடித்தால் மூன்று வருடமும் போச்சு. திரும்ப முதலிலிருந்து. அப்போது எனக்கு என்ன வயதிருக்கும்?

நானும் மாமாவும் கையாலேயே பொறுக்குகிறோம். தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாமா வரப்பில் உட்கார்ந்து, எட்டின செடியிலெல்லாம் பொறுக்குகிறார். வரவேண்டாம் என்றால் கேட்பதில்லை. "ஆஸ்பத்திரிச் சோத்துக்கு இது தேவலாம்" என்கிறார். என் பாதியில் முக்கால்வாசியைக் காப்பாற்றிவிட்டோம் என்றுதான் நினைக்கிறேன். உன் பாதி போய்விட்டது.

மோட்டார்க்காரரை விட்டுவிடு என்று எழுதியிருக்கிறாய். விடவில்லை. பட்டறைக்கு யாரும் போகாதீர்கள் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன். பாதிப் பேர் இப்போது பக்கத்து ஊருக்கு மோட்டார் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அவருக்கும் வலிக்கட்டும்.

புகார் எழுதினாயா இல்லையா? அவனுக்கு நீ ஏன் இப்படிப் பரிந்து பேசுகிறாய் என்றே எனக்கு விளங்கவில்லை. அந்த ஒரு வரியையும் நீ இன்னும் எழுதவில்லை. நான் மறக்கவில்லை.

அக்கா

செப்டம்பர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். சின்னவளுக்குப் பல் முழுசாக வந்துவிட்டது.

புகாருக்கு நான் நேரில் வரவேண்டும் என்கிறார்கள், லீவு இல்லை. கொஞ்சம் பொறு. நிலத்தைப் பற்றியும் நேரில் பேசிக்கொள்ளலாம், கடிதத்தில் எழுதுகிற விஷயமா அது?

ஆனால் பட்டறைக்குப் போகாதே என்று ஊரையே தடுப்பது பாவம் அக்கா. அவருக்கும் குடும்பம் இருக்கிறது. செய்தவர்கள் உன்மேல் பகையில் செய்யவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. யோசித்துப் பார். பகை என்றால் உன் வாளியைக் கழுவிக் கிணற்றுச் சுவர்மேல் கவிழ்த்து வைத்துவிட்டா போயிருப்பார்கள்? அழிக்க வந்தவன் அதையெல்லாம் செய்வானா?

மனதை ஆற்றிக்கொள். மாமாவுக்கு என் அன்பு.

தம்பி

செப்டம்பர் 29

தம்பிக்கு,

வாளியைப் பற்றி நான் உனக்கு எழுதவே இல்லை.

உன் கடிதத்தை முதலில் வேகமாகப் படித்துவிட்டு வைத்துவிட்டேன். அடுப்பு வேலையாக இருந்தபோது திடீரென்று அந்த இடம் ஞாபகம் வந்தது. எடுத்துத் திரும்பப் படித்தேன். வாளி வரப்பில்தான் கிடக்கும். ஊர் திரும்பிய அன்று அது கிணற்றுச் சுவர்மேல், உள்ளும் வெளியும் தேய்த்துக் கழுவி, கவிழ்த்து, கைப்பிடியை ஒரு பக்கமாக மடித்து இருந்தது. போகும் அவசரத்தில் நானே வைத்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். மாமாவிடம்கூடச் சொல்லவில்லை. குச்சிகளைக் கட்டாகக் கட்டி வைத்ததும் அப்போதுதான் உறைத்தது. நம் ஊரில் யார் அப்படி அடுக்கி வைப்பார்கள்? இருபது மாடியைத் துடைத்து வைப்பவனின் கை அது.

மறுநாள் காலை மோட்டார்க்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் வந்தார். "என் தம்பிதானே?" என்று கேட்டேன்.

"ஆமாக்கா. கார்ல ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்தாரு. நிலம் பாக்கத்தான். முதல் நாளே ஆளு வச்சு வெட்டி, மருந்தடிச்சு, எல்லாம் பளிச்சுன்னு ஆக்கி வச்சாரு. வந்தவங்க செடியவே பாக்கல. ரோடு எவ்வளவு அகலம், லாரி திரும்புமான்னுதான் கேட்டாங்க. திரும்பாதுன்னு தெரிஞ்சதும் கார்லயே உக்காந்துட்டாங்க."

அவர்களுக்குக் கிடங்கு கட்ட இடம் வேண்டுமாம். மண்ணைக் கொட்டி மூடப்போகிறவனுக்கு ஆமணக்கு இருந்தால் என்ன, அரளி இருந்தால் என்ன? விருந்தாளி வருகிறார் என்று அறையைக் கூட்டுகிற மாதிரி கூட்டி வைத்திருக்கிறாய். அவன் அறைக்குள்ளேயே வரவில்லை. எதற்காக வெட்டினாயோ அதுவும் நடக்கவில்லை. என் கடலைதான் போனது.

"அன்னிக்கு நான் கத்தினப்ப ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்க கத்தும்போது சொன்னா, தப்பிக்கிறதுக்காகச் சொல்றேன்னு ஆயிடும். அப்புறம், அக்கா தம்பி விஷயம். நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாயிடுவீங்க, நடுவுல நான்தான் கோள் சொன்னவனா நிப்பேன். அவரே சொல்லிடுவாருன்னு நெனச்சேன்" என்றார்.

புழு அவர் வயலுக்கும் போயிருக்கிறது தம்பி. அவர் மருந்தடிக்கிறவர்தான், டப்பா வீட்டிலேயே இருக்கிறது. அடிக்கவில்லை. ஏன் என்றேன். "காத்து உங்க பக்கம் அடிக்குது. உங்க மீதிக் கடலையும் வீணாகும்" என்றார். நான் அவர் அம்மாவைத் திட்டிய பிறகு இது.

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அழுதது உனக்காக இல்லை.

அடுத்த நாள் பட்டறைக்குப் போனேன். எங்கே நின்று கத்தினேனோ அங்கேயே நின்று, அதே சத்தத்தில், "செஞ்சது இவர் இல்ல. நான் பேசினது அத்தனையும் தப்பு" என்று சொன்னேன். "அப்ப யாரு?" என்று கேட்டார்கள். சொல்லவில்லை. என் வாயால் சொல்லிவிட்டால் உன் வேலை சுலபமாகிவிடும். நீ வரவேண்டும். அதே வாசலில் நின்று நீயே சொல்லவேண்டும். உன்னால் ஒரு மனுஷன் இரண்டு மாதம் தலை குனிந்து நடந்திருக்கிறான், நீ கடிதத்தில் எனக்கு ரத்த அழுத்தத்துக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாய்.

நீ கேட்டாய் என்று மாமாவின் ஆபரேஷன் தேதியைப் போனில் சொன்னேன், ஏன் கேட்டாய் என்பது இப்போது விளங்குகிறது. அவர் உன்னை வாசலைப் பார்த்துப் பார்த்து எதிர்பார்த்தார். நீ ஆஸ்பத்திரியைத் தாண்டித்தான் நம் ஊருக்கு வந்திருக்க வேண்டும். வேறு வழி கிடையாது.

அக்கா

அக்டோபர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை இவளிடம் காட்டவில்லை.

தப்புதான். ஆனால் முழுக்க என் தப்பு என்று எழுதினால் எப்படி? உனக்குத் தெரிந்தால் விடமாட்டாய் என்றுதான் நீ இல்லாத நேரம் பார்த்தேன். வெட்டினால் கடலைக்கு என்ன ஆகும் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. நீ எழுதியிருந்தாய், படித்தேன், மனதில் நிற்கவில்லை. வாங்குகிறவர் வந்தால் காடு என்று முகம் சுளித்துவிடுவாரே என்பதுதான் கவலை. சின்னவளை வைத்துக்கொண்டு வாடகை வீட்டில் எத்தனை காலம் இருப்பது? அதுவும் என் நிலம்தானே அக்கா? என் நிலத்தின் வரப்பை நான் சுத்தம் செய்ததைத்தானே இப்படிக் கொலைக் குற்றம் மாதிரி பேசுகிறாய்?

ஆஸ்பத்திரிக்கு வராதது தப்பு. வந்தால் மாமா முகத்தைப் பார்த்து உளறிவிடுவேன் என்று பயம்.

மோட்டார்க்காரரிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஆனால் பட்டறை வாசலில் எல்லோர் முன்னாலும் என்றால் என்னால் முடியாது. எனக்கும் ஊரில் ஒரு மரியாதை இருக்கிறது. நீயே கொஞ்சம் விட்டுக்கொடு.

தம்பி

டிசம்பர் 3

தம்பிக்கு,

மாமா நலமாக இருக்கிறார். உன்னைப் பற்றி விசாரிப்பதை நிறுத்திவிட்டார்.

போன மாதம் நீ வந்துவிட்டுப் போனது எனக்குத் தெரியும். பட்டறை பூட்டியிருக்கும் மதிய நேரம் பார்த்து, மோட்டார்க்காரர் வீட்டுப் பின்வாசலில் போய் நின்றாயாம். கையில் ஒரு பை நிறையப் பழம். "மனசுல வச்சுக்காதீங்க" என்றாயாம். அவர் "சரி விடுங்க" என்றாராம். நீ உடனே முகம் மலர்ந்து, அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுக் கிளம்பிவிட்டாயாம். எங்கள் வீட்டைத் தாண்டித்தான் பேருந்துக்குப் போயிருப்பாய்.

"சரி விடுங்க" என்பது மன்னிப்பு இல்லை தம்பி. பின்வாசலில் நிற்கிறவனை அனுப்பி வைக்கிற வார்த்தை அது. வெட்டும்போது பட்டப்பகலில் ஆளும் காருமாக வந்தாய். மன்னிப்புக் கேட்க மட்டும் பின்வாசல் தேவைப்பட்டதா? பழத்தை அவர் மனைவி அப்படியே எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். நானும் தொடவில்லை. பக்கத்து வீட்டு ஆடு தின்றது.

நான் விட்டுக்கொடுத்துப் பார்த்தேன். ஒரு மாதம் காத்திருந்தேன். நேற்றுக் காலை பட்டறை வாசலில் போய் நின்று, "வெட்டினது என் தம்பி" என்று சொல்லிவிட்டேன். அன்று கத்தியபோது வராத வெட்கம் நேற்று வந்தது. ஒருத்தர் மோட்டாரைச் சைக்கிளிலிருந்து இறக்கிப் பட்டறைக்குள் வைத்தார். செப்டம்பரில் நான் தடுத்து அனுப்பியவர் அவர்.

கடலை முடிந்துவிட்டது. செக்குக்காரம்மா என் பாதியில் கிடைத்ததை எடுத்துக்கொண்டார், எண்ணெய் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் சிலர் விலகிவிட்டார்கள். இரண்டு வீடு மட்டும் மருந்தை நிறுத்திப் பார்க்கிறோம் என்று வந்திருக்கிறது. மோட்டார்க்காரர் மாறவில்லை. "எனக்கு நம்பிக்கை இல்லக்கா, ஆனா உங்க பக்கத்து வரப்புல மட்டும் அடிக்க மாட்டேன்" என்கிறார். அது எனக்குப் போதும்.

ஜூனில் கேட்ட அந்த ஒரு வரியை இனி எழுதாதே. அந்தப் பாதி உன்னுடையது, விற்க உனக்கு உரிமை இருக்கிறது. அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. விற்கும்வரை பயிர் வைப்பவள் நான். இந்தத் தடவை உன் பாதியின் நாலு வரப்பிலும் ஆமணக்கு ஊன்றியிருக்கிறேன். முளைத்து இரண்டு இலை விட்டிருக்கிறது.

வெட்டுவதாக இருந்தால் வா. நான் வீட்டில் இருக்கும்போது வா.

இன்னமும் உன் அக்காதான்,
அக்கா